திரைகள் ஆரூடத்தில் பிறந்தவை அல்ல

புதிய கருவி ஒன்று சந்தைக்கு வந்தால் போதும், தமிழில் ஒரு வாக்கியம் தவறாமல் கிளம்பிவிடுகிறது: இதைச் சுஜாதா அன்றே சொல்லிவிட்டார். கணினி வாய் திறந்து பேசியபோது சொன்னார்கள். நாலு கால் ரோபோ நடந்தபோது அவருடைய ‘என் இனிய இயந்திரா’ நாவலின் ரோபோ நாய் ஜீனோவை நினைவுபடுத்தினார்கள். ஆங்கிலப் பழக்கம் உள்ளவர்கள் ஆர்தர் கிளார்க்கையும் ‘ஸ்டார் டிரெக்’ தொடரையும் துணைக்கு அழைக்கிறார்கள். பள்ளி ஆண்டுவிழா மேடையிலிருந்து வார இதழ்க் கட்டுரை வரை இது ஒரு தீர்ந்த முடிவாகவே நிலைத்துவிட்டது. அறிவியல் புனைகதைக்காரர்கள் வருவதை முன்கூட்டியே கண்டார்கள். இன்று நம் கையிலும் கடையிலும் அலுவலகத்திலும் இருக்கிற திரைகளெல்லாம் அவர்கள் கண்ட கனவின் நிறைவேற்றம் என்பதே அதன் சாரம்.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். இது தகவலளவில் பிழை. அந்த எழுத்தாளர்களின் உண்மையான சாதனையை இது மறைக்கிறது. எல்லாவற்றையும்விட, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி போன்ற ஊர்களில் தினமும் ஒரு திரையின் முன்னால் நின்று தன் அரிசிக்கும் கூலிக்கும் காத்திருக்கிற மனிதருக்கு இது கெடுதல் செய்கிறது. ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. கிளி ஜோசியத்தில் பலித்த சீட்டை ஊரெல்லாம் சொல்வோம், பலிக்காததை மறந்துவிடுவோம். புனைகதை ஆரூடத்துக்கும் அப்படித்தான் மதிப்பெண் போடுகிறோம். 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் விண்வெளி வீரர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்க்கிற தட்டையான திரையை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 2011-இல் ஆப்பிள் நிறுவனத்துடன் நடந்த வழக்கில் சாம்சங் அந்தக் காட்சியையே நீதிமன்றத்தில் முன்வைத்தது. அதே படம் 2001-இல் நிலவில் நிரந்தரக் குடியிருப்பும், வியாழன் கோளுக்கு மனிதப் பயணமும் நடக்கும் என்று காட்டியதை யாரும் மதிப்பெண்ணில் கழிப்பதில்லை.

வராமல் போனவை ஒரு பக்கம் இருக்கட்டும். வந்தவற்றில் எத்தனையை எந்தக் கதையாவது சொன்னது? ஆலங்குடிக் கடைவீதியில் டீக்கடை, பழக்கடை, பூக்கடை என்று எங்கே பார்த்தாலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. அந்த க்யூஆர் குறியீட்டை 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது, கார் உதிரிப்பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக. பிறகு 2016-இல் தேசிய பணப்பட்டுவாடா கழகம் யுபிஐ முறையைத் தொடங்கியது. கடைக்காரர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்தது. பணம் வந்து சேர்ந்தால் அது தமிழில் தொகையைச் சொல்கிறது. டீ மாஸ்டரின் கை ஈரம். ஒரு கையில் வடிகட்டி, மறு கையில் கிளாஸ். அவரால் போனை எடுத்துக் குறுஞ்செய்தி பார்க்க முடியாது. அதைக் கவனித்த யாரோ, திரையே வேண்டாம், குரல் போதும் என்று முடிவெடுத்தார். அதிலும் பிசகு வரலாம். ஆனால் அந்த முடிவு டீ மாஸ்டரின் கையைப் பார்த்து எடுக்கப்பட்டது. நூறாண்டுப் புனைகதையில் திரைகள் பெருகிக்கொண்டே போயின. வேலை செய்கிற கைக்குத் திரை இடைஞ்சல் என்று எழுதியவர்கள் மிக அரிது.

மிஸ்டு காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பஸ் ஏறிட்டேன்’, ‘தோட்டத்துக்கு வா’, ‘பணம் கட்டிட்டேன், நீ கூப்பிடு’ என்று காசில்லாமல் செய்தி சொல்ல இந்த நாட்டு மக்கள் தாங்களே கண்டுபிடித்த இடைமுகம் அது. எந்த ஆய்வகமும் எந்த நாவலும் அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது.

இரண்டாவது, எது முந்தியது என்கிற கேள்வி. கதை முதலில் வந்தது, கருவி பின்னால் வந்தது என்று நம்புகிறோம். வரலாற்றைப் புரட்டினால் பல இடங்களில் வரிசை தலைகீழாக இருக்கிறது. கையை வீசித் திரைகளை நகர்த்தும் ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ படக் காட்சி 2002-இல் உலகைக் கவர்ந்தது. அதை வடிவமைத்துக் கொடுத்தவர் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் அதே துறையில் ஆய்வு செய்துவந்த ஜான் அண்டர்கோஃப்லர். ஆய்வகத்தில் நடந்துகொண்டிருந்ததைத் திரைப்படம் கடன் வாங்கியது. நாம் அதைத் தீர்க்கதரிசனம் என்றோம். தொடுதிரையைப் பற்றி இங்கிலாந்தின் மால்வர்ன் நகரத்து ரேடார் ஆய்வு நிறுவனத்தில் இ.ஏ. ஜான்சன் 1965-இலேயே ஆய்வுக்குறிப்பு எழுதிவிட்டார். ‘ஸ்டார் டிரெக்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது 1966-இல். நகரத்தைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்துக் கம்பியில்லாத் தொலைபேசி நடத்தலாம் என்கிற திட்டத்தை பெல் ஆய்வகத்துப் பொறியாளர்கள் 1947-இலேயே எழுதிவைத்தார்கள். கையடக்கக் கணினியின் மூல வடிவங்களில் ஒன்றான டைனாபுக்கை ஆலன் கே கற்பனை செய்ததற்குக் காரணம், சீமோர் பேப்பர்ட்டின் வகுப்பில் சிறுபிள்ளைகள் கணினியோடு பழகியதை அவர் 1968-இல் நேரில் பார்த்தது.

எதிர்க் காட்சியையும் பாருங்கள். முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கதைகளும் சித்திரங்களும் சொல்லிக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அதைச் செய்தே காட்டியது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் விற்பனைக்கும் கொண்டுவந்தது. வாங்க ஆளில்லை. சொன்னது அப்படியே செய்யப்பட்டும் தோற்றது. இன்றைக்கு ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து வீடுகளில் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிற மகனோடு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோ காலில் பேசாத குடும்பம் குறைவு. என்ன மாறியது? 2016-க்குப் பிறகு டேட்டா விலை தரைமட்டத்துக்கு இறங்கியது. பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிய ஏக்கம் அதற்கு முன்பே இங்கே காத்துக் கிடந்தது. விலையும் பிரிவும் சேர்ந்து ஓட வைத்த கருவி அது. ஆரூடத்துக்கு இதில் பங்கில்லை.

மூன்றாவது, சுஜாதா. அவரைப் பெருமைப்படுத்துகிறோம் என்று நினைத்துச் சிறுமைப்படுத்திக்கொண்டிருக்கிறோம். அவர் பொறியாளர். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் முக்கியப் பொறுப்பில் இருந்தவர். இந்த நாட்டின் மிகச் சாதாரணமான மனிதர் தன் விரலால் தொட்ட முதல் மின்னணுக் கருவிகளில் ஒன்று அது. ஆலங்குடித் தொகுதியில் கடலை பிடுங்குகிற அம்மாவும் பூப்பறிக்கிற அக்காவும் செல்போன் வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் அந்த இயந்திரம் வந்தபோது, அதன் பொத்தானை அழுத்திவிட்டார்கள். அவர் எழுதிய ஜீனோவை மேடைதோறும் பேசுகிறவர்கள், அவர் பங்கெடுத்துக் கட்டிய இந்த இடைமுகத்தைப் பேசுவதில்லை.

பேச வேண்டிய இடைமுகம் அது. பெயர், பக்கத்தில் சின்னம், அதன் பக்கத்தில் நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான். எழுத்துத் தெரியாதவருக்குச் சின்னம் இருக்கிறது. 1951–52 முதல் பொதுத்தேர்தலிலிருந்து நாடு பழகிய அந்தச் சின்னத்தை இயந்திரம் தூக்கி எறியவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டது. காது கேட்காதவருக்கு விளக்கு, கண் மங்கியவருக்குச் சத்தம். இரண்டு தடவை பதறி அழுத்தினாலும் ஒரு ஓட்டுத்தான் பதிவாகும். அலுவலர் அடுத்த ஆளுக்குத் திறந்துவிட்டால்தான் மறுபடி வேலை செய்யும். மின்கலத்தில் ஓடுவதால் கரண்டே இல்லாத பள்ளிக்கூடத்திலும் தேர்தல் நடக்கும். பெட்டியின் புற வடிவத்துக்காக மும்பை ஐஐடியின் தொழில்வடிவமைப்பு மையத்தினர் உழைத்தார்கள். அதைத் தொடப்போகிற கை எப்படிப்பட்டது என்று கேட்டு, அந்தக் கேள்விக்கு விடையாகச் செய்யப்பட்ட பொருள் அது.

அது விதிப்படி தானாக வந்து சேரவுமில்லை. 1982 மே மாதம் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். தோற்ற வேட்பாளர் வழக்குப் போட்டார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று சொல்லி உச்சநீதிமன்றம் 1984-இல் அந்த வாக்குப்பதிவை ரத்து செய்தது. அந்தச் சாவடிகளில் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்தது. நாடாளுமன்றம் 1988-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே வழி திறந்தது. போட்ட ஓட்டு சரியாக விழுந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று மக்களும் கட்சிகளும் கேட்டார்கள். 2013-இலிருந்து சீட்டைக் காட்டும் விவிபேட் கருவி சேர்ந்தது, 7 விநாடி அந்தச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது. இன்றும் அந்த இயந்திரத்தைச் சந்தேகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு திரை மக்கள் வாழ்வுக்குள் வரும் முறை இதுதான்: வழக்கு, சட்டம், திருத்தம், கேள்வி, பதில். இதையெல்லாம் ‘அன்றே சொன்னார்’ என்ற இரண்டு வார்த்தையில் மூடிவிட முடியுமா?

இப்போது கெடுதலுக்கு வருகிறேன். எங்கள் பகுதி ரேஷன் கடை ஒன்றில் நான் நின்று பார்த்தது இது. வயதான ஓர் அம்மா விரலை வைக்கிறார். கருவி ஏற்கவில்லை. “சேலையில நல்லாத் தொடச்சிட்டு வைங்க அப்பத்தா” என்கிறார் விற்பனையாளர். துடைத்து வைக்கிறார். ஏற்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறு கை. விற்பனையாளரே அந்த விரலைப் பிடித்து அழுத்துகிறார். “ரேகை விழ மாட்டேங்குது அப்பத்தா, வீட்ல வேற யாரும் இருந்தா வரச் சொல்லுங்க.” வீட்டில் வேறு யாரும் இல்லை. மகன் திருப்பூரில். அந்த அம்மா பையை மடித்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். விற்பனையாளர் கெட்டவரில்லை, வரிசையில் நின்றவர்களும் முணுமுணுக்கவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவரும் குற்றம் அந்த விரலுடையது என்று நம்பினார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் நம்பினார்.

அந்த விரல் எதனால் தேய்ந்தது? இந்த மாவட்டத்தில் ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கிறார்கள். ஓட்டுப்பால் பட்டால் தோல் உரிந்துவிடும். கடலைச் செடி பிடுங்குவதும், செங்கல் தூக்குவதும், சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ப்பதும் ரேகையை விட்டுவைப்பதில்லை. வயது ஏற ஏறத் தோலின் ஈரமும் மடிப்பும் குறைகின்றன. உழைத்த கையில் ரேகை மங்கும் என்பது கருவி செய்பவர்களுக்குத் தெரியாத அறிவியல் அல்ல. தமிழகத்தில் 2017-இல் ஸ்மார்ட் குடும்ப அட்டை வந்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தோடு கைரேகை வந்தது. ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி விதியில் இருக்கிறது; கருவிழிக் கருவியும் பின்னால் வந்தது. ஆனால் மாற்று வழி வரிசையின் கடைசியில் இருக்கிறது. கருவி வரிசையின் முன்னால் இருக்கிறது. நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பணித்தளங்களிலும் ஆப் வழியாக, நாளுக்கு இரண்டு முறை படமெடுத்துத்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். கண்மாய்க்குள் டவர் கிடைக்காவிட்டால், மண் வெட்டியவருக்கு அன்றைய வருகை சிக்கல்.

விரலைத் தொட்டதும் ஆளை அடையாளம் காணும் கதவும், முகத்தைக் கண்டதும் பெயர் சொல்லும் கண்ணாடியும் அறிவியல் புனைகதையின் நெடுநாள் அலங்காரங்கள். அவை ரேஷன் கடைக்கு வந்ததும், எதிர்காலம் வந்துவிட்டது என்று கைதட்டச் சொல்கிறது நான் மறுக்கும் கருத்து. எதிர்காலம் தானே வந்தது என்றால் அதைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவரும் இல்லை என்றாகிவிடுகிறது. தேர்ந்தெடுத்தவர் இல்லையென்றால் பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் இல்லை. பிறகு மீதி இருப்பது அந்த அம்மாவின் விரல் மட்டும்தான். பழி அதன்மேல் போய் விழுகிறது. ஆரூடப் புகழ்ச்சி செய்கிற தீங்கு இதுதான். கோப்பில் கையெழுத்திட்ட ஒருவர், ஒப்பந்தம் எடுத்த ஒருவர், வயலில் கொண்டுபோய்ச் சோதிக்காமல் அனுப்பிவைத்த ஒருவர் என்று மனிதர்கள் இருக்கிற இடத்தில், காலம் என்ற முகமில்லாத ஒன்றை அது நிறுத்திவிடுகிறது.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். கதைகள் கருவிகளைக் கண்டுபிடிக்காவிட்டாலும், கண்டுபிடிக்கிறவர்களின் மனத்தைத் தயார் செய்கின்றன. சிறுவயதில் சுஜாதா படித்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அதனாலேயே பொறியியலுக்குப் போனார்கள் என்பார்கள். உண்மை. செல்போனின் தந்தை எனப்படும் மார்ட்டின் கூப்பரே, டிக் டிரேசி சித்திரக்கதையின் மணிக்கட்டு வானொலி தன்னைத் தூண்டியதாகச் சொல்லியிருக்கிறார். கதை ஆசையை விதைக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆசையை விதைப்பதும் வருவதை முன்னறிவதும் வேறு வேறு வேலைகள் என்கிறேன். ஆசைக்கு விதை போட்டவரை ஆசிரியராகக் கொண்டாடலாம். ஜோசியராகக் கொண்டாடினால் அவர் கற்றுக்கொடுத்த பாடம் நம் கையைவிட்டுப் போய்விடும்.

அந்தப் பாடம் பெரும்பாலும் எச்சரிக்கைதான். ஆர்வெல் 1949-இல் எழுதிய திரை, பார்ப்பவனையே பார்க்கும் திரை. ‘என் இனிய இயந்திரா’வில் மனிதனின் பெயரின் நீளத்திலிருந்து ஆயுளின் நீளம் வரை அரசு முடிவு செய்கிறது; ஜீவா என்ற தலைவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்தக் கதையிலிருந்து ரோபோ நாயை மட்டும் எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்ட நிலா என்ற பெண்ணை விட்டுவிட்டால் நாம் படித்ததற்கு என்ன பயன்? இ.எம். ஃபார்ஸ்டர் 1909-இலேயே ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ என்ற கதையில், தனித்தனி அறையில் ஒளிரும் தட்டின் வழியே ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளும் மனிதர்களை எழுதினார். வீடியோ காலை அன்றே சொன்னார் என்று அவரை மேற்கோள் காட்டுகிறார்கள். கதையின் தலைப்பே அந்த இயந்திரம் நின்றுபோவதைப் பற்றியது.

இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்பது எங்கள் பகுதிக்கு 2018 நவம்பர் 16 அதிகாலையில் தெரிந்தது. கஜா புயல் தென்னையையும் பலாவையும் வாழையையும் சாய்த்த அந்த இரவுக்குப் பிறகு, ஆலங்குடி சுற்றுவட்டாரத்தில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் ஏற்றினார்கள், அதே ஜெனரேட்டரில் போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். ஃபார்ஸ்டர் கேட்ட கேள்வி அந்த நாட்களில் எங்கள் கேள்வியாக இருந்தது: எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கட்டித் தொங்கவிட்டவர்கள், கம்பி அறுந்தால் என்ன வழி என்று யோசித்தார்களா? சோறும் கூலியும் ஓய்வூதியமும் ஒரு சர்வரை நம்பி இருக்கிற ஊரில் இது வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கருவியை மக்கள் கையில் கொடுக்க வேறு வழி இருக்கிறது என்பதற்கு இதே மாவட்டம் சாட்சி. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதுவே தேவலை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கருவி அவர்களைச் சோதிக்கவில்லை. அவர்கள் கருவியைச் சோதித்துத் தங்களுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. விழுந்தால் தூக்கிவிட ஆள் இருந்தது.

இன்று வருகிற ஒவ்வொரு திரைக்கும் அந்த மரியாதையை நாம் கேட்க வேண்டும். ரேஷன் கருவியோ வருகைப்பதிவு ஆப்போ ஊருக்கு அனுப்பப்படும் முன், முந்திரி உடைத்த கையிலும் எழுபது வயதுக் கையிலும் சோதிக்கப்பட வேண்டும். எத்தனை பேருக்கு வேலை செய்யவில்லை என்ற கணக்கு கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியும் ஓடிபி எச்சரிக்கையும் வாக்குப்பதிவு இயந்திரத்தின் பெயர்ச்சீட்டைப் போலத் தமிழில் இருக்க வேண்டும். கருவி மறுத்தால் அதே இடத்தில், அதே நாளில், நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கும் அதிகாரம் கடைக்காரருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். ‘சர்வர் வேலை செய்யலை’ என்பது எவருடைய உரிமையையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் காரணமாகக் கூடாது.

எழுத்தாளர்களை வாசிப்போம், அவர்கள் கேட்ட கேள்விகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். ‘அன்றே சொன்னார்’ என்று முடித்துக்கொள்வதை மட்டும் நிறுத்துவோம். நம் முன்னால் இருக்கிற ஒவ்வொரு திரையும் யாரோ சிலர் எடுத்த முடிவு. வாக்குப்பதிவு இயந்திரத்தை வழக்குப் போட்டும் கேள்வி கேட்டும் திருத்த முடிந்தது. ரேஷன் கடைக் கருவியையும் திருத்த முடியும்; அது யாருடைய முடிவு என்று கேட்டு, பெயரைத் தெரிந்துகொண்டு, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தால்.